கன்ட்ரோலர் கையில் இல்லாதவர்கள்

நான் ஆடிய முதல் ஸ்போர்ட்ஸ் கேம் சமூக அறிவியல் பாடப் புத்தகம்தான். புக் கிரிக்கெட். புத்தகத்தை எங்காவது திறந்தால் இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம் ரன். 2, 4, 6 அப்படியே. 8 வந்தால் எங்கள் வகுப்பில் ஒரு ரன். 0 வந்தால் அவுட். ஐந்து தடவைக்கு ஒரு முறை அவுட், ஒரு தடவைக்குச் சராசரியாக 2.6 ரன் என்று வைத்தால் பத்து விக்கெட்டும் விழும்போது ஸ்கோர் 130 பக்கம் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், 130 ஆல் அவுட் என்பது நம்பக்கூடிய ஸ்கோர். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிய ஸ்கோர்கார்டை யாரிடமாவது காட்டினால் நிஜ மேட்ச் என்று சொல்லிவிடலாம். பந்து இல்லை, மட்டை இல்லை, அந்த 130ம் எட்டு ஓவரில் வந்துவிடும், ஆனாலும் நம்பலாம்.

எங்கள் பெஞ்சில் ஒருவன் ஆடவே மாட்டான். வானொலியில் அப்துல் ஜப்பார் பேசுவது போலச் சேப்பாக்கத்தின் காற்று, வெயில், கூட்டத்தின் ஆரவாரம் என்று வாயாலேயே வர்ணனை கொடுப்பான். அவன் லீவு போட்ட நாளில் புக் கிரிக்கெட் சப்பென்று இருக்கும். அது ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. நாற்பது வயதுக்கு மேல், ஒரு புரொஜெக்டரும் இரண்டு வீடியோ கேம் கன்ட்ரோலரும் வைத்துக்கொண்டு அவமானப்பட்ட பிறகுதான் புரிந்தது.

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பொங்கலுக்குக் கோலப்போட்டி, உறியடி, மியூசிக்கல் சேர் எல்லாம் நடக்கும். வீடியோ கேம் கிரிக்கெட் போட்டியும் வைக்கலாமே என்று அசோசியேஷன் கூட்டத்தில் வாயைக் கொடுத்தது நான்தான். கேமும் பிளேஸ்டேஷனும் என்னுடையவை, கிளப் ஹவுஸ் சுவர் அசோசியேஷனுடையது. எந்த கேம் என்று இங்கே சொல்லவில்லை. நான் செய்த கோளாறுக்கு அதைச் செய்தவர்கள் பொறுப்பில்லை.

முதல் வருஷம் எல்லாவற்றையும் நிஜத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். கடினம் உச்சத்தில். பந்து எங்கே விழும் என்று தரையில் காட்டும் வட்டம் கிடையாது. டைமிங் கொஞ்சம் தவறினாலும் எட்ஜ். இன்னிங்ஸுக்கு பத்து ஓவர். கிரிக்கெட் என்றால் கிரிக்கெட் மாதிரி இருக்கவேண்டும் என்று ஒரு வீம்பு.

அந்த வீம்புக்கு ஒரு பின்கதை உண்டு. மெல்போர்னைச் சேர்ந்த பிக் ஆன்ட் நிறுவனம் 2014இல் டான் பிராட்மேன் கிரிக்கெட் 14 என்ற கேமை வெளியிட்டது. கன்ட்ரோலரின் இடது குச்சியில் பேட்ஸ்மேனின் கால், வலது குச்சியில் மட்டை. பந்து விழும் இடத்தை முன்கூட்டியே தரையில் காட்டாது. பந்துவீச்சாளரின் கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் இருபது ரன்னைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொடாமல் விட்டேன். ரன் வரவில்லை, திரையிலும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் உள்ளங்கை வேர்த்திருந்தது. ஒரு பந்தை விட்டதற்கு சந்தோஷப்பட வைத்த கேமை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த சந்தோஷத்தை மற்றவர்களுக்கும் கொடுக்க நினைத்தேன். அதற்கு மூன்று வாரம் ஆனது என்பதை வசதியாக மறந்துவிட்டேன். கிளப் ஹவுஸில் ஒரு பிள்ளைக்குப் பழகக் கிடைப்பது மூன்று நிமிடம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு பந்தில் இரண்டு முறை போல்டு. பி பிளாக் மாமா ஒருவர் தன் இளமைக்கால லீக் கிரிக்கெட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்து, 23க்கு ஆல் அவுட். ஒரு மேட்சுக்கு ஐம்பது நிமிடம். மூன்றாவது மேட்ச் நடக்கும்போது பார்வையாளர்கள் இரண்டே பேர். ஒருவர் புரொஜெக்டரைத் திருப்பி எடுத்துப்போக வந்தவர்.

அடுத்த வருஷம் ஈஸியில் வைத்தேன். ஐந்து ஓவர். எந்தப் பட்டனை அழுத்தினாலும் சிக்ஸர். முதல் இன்னிங்ஸ் 112. முதல் மூன்று சிக்ஸருக்குக் கைதட்டல், நாலாவதுக்கு மெதுவடை வந்துவிட்டது, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஆடியவர்களுக்கும் சலிப்புதான். பையன்கள் எல்லாரும் செல்போனில் வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் ஆடி வளர்ந்தவர்கள். அது நம் சென்னையின் நெக்ஸ்ட்வேவ் மல்டிமீடியா செய்தது. பேருந்தில் நின்றுகொண்டே ஆடக்கூடியதையா இவ்வளவு பெரிய திரையில் போட்டுக் காட்டுகிறீர்கள் என்று ஒருவன் முகத்துக்கு நேரே கேட்டான்.

கடினத்தை நடுவில் வைத்தால் சரியாகிவிடும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்துக் குறையும் பாதிப் பாதி வந்து சேரும், அவ்வளவுதான்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தது அதற்குப் பிறகுதான். நிஜ டி20இல் ஓவருக்கு எட்டு ரன், மூன்று ஓவருக்கு ஒரு விக்கெட் என்பது சாதாரண வேகம். அதையே ஐந்து ஓவருக்குச் சுருக்கினால் 40 ரன், ஒன்றோ இரண்டோ விக்கெட். வேகம் நிஜம்தான், ஆனால் மேட்சில் கதையே இல்லை. நேரத்தைச் சுருக்கினால் சம்பவங்களை நெருக்கியே ஆகவேண்டும். கால்பந்து கேம்கள் இதை ரொம்ப நாளாகச் செய்கின்றன. 45 நிமிடப் பாதியை ஆறு நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டு, கோல் மட்டும் நிஜ மேட்ச் போலவே இரண்டோ மூன்றோ வரும்படி பார்த்துக்கொள்வார்கள். அப்படியென்றால் உள்ளே ஒவ்வொரு தாக்குதலும் நிஜத்தைவிடப் பல மடங்கு பலன் கொடுத்தாக வேண்டும். ஸ்கோர்கார்டு நிஜமாக இருக்க ஆட்டம் பொய் சொல்கிறது. புக் கிரிக்கெட்டின் 130ம் அப்படித்தான்.

எங்கள் ஐந்து ஓவருக்கு நான் வைத்த இலக்கு: 55இலிருந்து 65 ரன், மூன்று நாலு விக்கெட். இதற்குக் குறுக்குவழி ஒன்றையும் முயன்றேன். இன்டோர் கிரிக்கெட்டில் ஒரு விக்கெட் போனால் ஐந்து ரன் கழிப்பார்கள். அதை அப்படியே கொண்டுவந்து ஒயிட்போர்டில் கழித்துக்கொண்டே வந்தேன். திரையில் 58, போர்டில் 43. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எது ஸ்கோர் என்றே தெரியவில்லை. ஜெயித்தவன் குதிக்கிறான், திரை அவன் தோற்றதாகக் காட்டுகிறது. அரை மணி நேரத்தில் அந்த விதியை அழித்துவிட்டேன். திரையில் ஓடும் ஸ்கோர்தான் சாட்சி. வெளியே எழுதும் எந்த விதியும் அதோடு மோதக்கூடாது. டிவி பார்த்துப் பழகிய கண்கள் அந்தக் கீழ்ப்பட்டையைத்தான் நம்புகின்றன.

மூன்றாம் வருஷம் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு இரண்டு பேரை வீட்டுக்கு வரவழைத்தேன். ஒருத்தி கன்ட்ரோலரையே பிடித்திராத பெண், இன்னொருவன் ஏழாம் மாடியில் இருக்கும் கில்லாடி. பஜ்ஜி செலவு என்னுடையது. பத்து மேட்ச் ஆடவிட்டு இரண்டே எண்களைக் குறித்தேன்: ரன், விக்கெட். ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும் கேமின் அமைப்புகளைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களில் ஒன்றை மட்டும் நகர்த்தினேன். இரண்டை ஒன்றாக நகர்த்தினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது, இதை இரண்டு நாள் வீணாக்கித்தான் கற்றுக்கொண்டேன். கடைசியில் தரையோடு அடிக்கும் ஷாட்டுக்கு டைமிங் தாராளம், தூக்கி அடிக்கும் ஷாட்டுக்கு டைமிங் கஞ்சம் என்பதில் போய் நின்றது. புதியவருக்கு ஓடி எடுக்க ரன் கிடைக்கிறது, அதனால் அவமானம் இல்லை. கில்லாடிக்கு சிக்ஸர் வேண்டுமென்றால் விக்கெட்டைப் பணயம் வைத்தாக வேண்டும். பார்ப்பவர்களுக்கு ஒவ்வொரு தூக்கலிலும் மூச்சு நிற்கிறது. மூன்று பேருக்கும் ஒரே அமைப்பில் வேலை நடந்தது அந்த ஒன்றில்தான்.

கேமரா விஷயத்தில் நான் அதிகம் தடுமாறினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது பந்துவீச்சாளரின் பின்னால், உயரத்தில், ரொம்ப தூரத்திலிருந்து நீண்ட லென்ஸ் வழியாகப் பார்க்கிறோம். அந்த லென்ஸ் ஆழத்தை நசுக்கிவிடும். 22 கஜ ஆடுகளம் கட்டிலின் நீளம் போலத் தெரியும். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் பந்து மட்டையை எட்ட சுமார் அரை நொடிதான், ஆனால் நமக்கு அது ஏதோ நிதானமாக வருவது போல இருக்கும். அதனால்தான் சோபாவில் இருந்தபடி இதை ஏன் அடிக்கவில்லை என்று எல்லாரும் கேட்க முடிகிறது. அந்தக் கோணத்தையே கேமில் வைத்தால் பார்ப்பவர்களுக்கு டிவி மேட்ச் போலவே இருக்கும். மட்டை பிடிப்பவனுக்குத்தான் பந்து ஷார்ட்டா, ஃபுல்லா என்று தெரியாது. ஆழம்தான் இல்லையே.

சரி என்று கேமராவை பேட்ஸ்மேனின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஆடுபவர்கள் உடனே தேறினார்கள். பந்து வளர்ந்துகொண்டே வருவது கண்ணுக்குத் தெரிந்தது, புல் ஷாட்டுகள் ஆட ஆரம்பித்தார்கள். ஆனால் பெரிய சுவரில் பார்த்துக்கொண்டிருந்த அம்மாக்களுக்குத் தலை சுற்றியது. பேட்ஸ்மேனின் ஹெல்மெட்டும் தோளும் பாதித் திரையை மறைத்தன. போல்டு ஆனதே ஸ்டம்ப் பறந்த பிறகுதான் தெரிந்தது. இது யாருடைய நிஜம் என்று கேட்டால் பேட்ஸ்மேனுடைய நிஜம். சுவரைப் பார்க்கும் நாற்பது பேரும் பேட்ஸ்மேன் இல்லை.

மறுபடி டிவி கோணத்துக்கே வந்தேன். முதல் வருஷம் கௌரவக் குறைச்சல் என்று அணைத்துவைத்த அந்தத் தரை வட்டத்தை இந்த முறை போட்டேன். நிஜத்தில் பந்து விழும் இடத்தில் யாரும் வட்டம் போட்டுக் காட்டுவதில்லைதான். ஆனால் நிஜ பேட்ஸ்மேனுக்குக் கண் கொடுக்கும் ஆழத்தை டிவி லென்ஸ் பிடுங்கிக்கொண்டது, வட்டம் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவு நாள் பொம்மைத்தனம் என்று நினைத்தது உண்மையில் நஷ்டஈடு. பந்து போடுபவனும் சும்மா இருக்கவில்லை. வட்டத்தை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டே வந்து கடைசி நொடியில் யார்க்கர் இடத்தில் நிறுத்துவான். கூட்டம் கத்தும். நிஜ கிரிக்கெட்டில் இல்லாத, ஆனால் நிஜ கிரிக்கெட்டின் ஏமாற்று வேலையை அப்படியே கொண்ட ஒன்று அது.

இதில் ஒரு கிளைக்கதை. கேம்கள்தான் டிவியைக் காப்பியடிக்கின்றன என்று நினைத்திருந்தேன். 2017 அக்டோபரில் அமெரிக்காவின் பாக்ஸ்பரோவில் நடந்த ஒரு அமெரிக்கக் கால்பந்து மேட்சில் பனிமூட்டம் சூழ்ந்து வழக்கமான பக்கவாட்டுக் கேமராக்களில் ஒன்றும் தெரியவில்லை. என்பிசி தொலைக்காட்சி, கம்பியில் தொங்கும் கேமராவை வைத்து ஆட்டக்காரர்களின் பின்னாலிருந்து காட்டியது. மேடன் என்ற அமெரிக்கக் கால்பந்து வீடியோ கேமைப் பார்ப்பது போல இருக்கிறது என்று ரசிகர்கள் சொன்னார்கள். அடுத்த மாதமே ஒரு மேட்சில், பனி எதுவும் இல்லாமல், அதையே முக்கியக் கோணமாக என்பிசி வைத்தது.

ரீப்ளேக்களைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான், ஆனால் சண்டை வந்தது அதில்தான். ஆடுபவர்கள் எல்லாவற்றையும் பட்டனை அழுத்தித் தாண்டிவிடுவார்கள். பேட்ஸ்மேன் க்ளவுஸ் சரிசெய்வது, ஃபீல்டர் கைதட்டுவது, மைதானத்தின் வான்வழிக் காட்சி எல்லாம் அவர்களுக்குத் தொல்லை. பார்ப்பவர்களுக்கோ பந்துக்கும் பந்துக்கும் இடையிலான அந்த மூச்சு தேவை. பக்கத்து நாற்காலியில் இருப்பவரோடு பேசுவதும் அந்த இடைவெளியில்தான். எங்கள் கேமில் எல்லாவற்றையும் ஓடவிட்டால் ஒரு பந்துக்கு 25 நொடி, தாண்டினால் 12. ஒரு மேட்சுக்கு 60 பந்து. 14 பேர் நாக்அவுட் ஆடினால் 13 மேட்ச். முழுசாக ஓடவிட்டால் ஐந்தரை மணி நேரத்துக்கு நெருக்கம், அதற்குள் பொங்கலே முடிந்துவிடும். கடைசியில் ஒரு விதி: சாதாரணப் பந்துகளில் தாண்டலாம். விக்கெட் விழுந்தாலும், ரிவ்யூ கேட்டாலும், கடைசி ஓவர் என்றாலும் யாரும் பட்டனைத் தொடக்கூடாது. தொட்டால் மைதானத்துக்கு வெளியே, அதாவது வடை எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு மேட்ச் பதினைந்து நிமிடத்தில் அடங்கியது.

ரிவ்யூ என்றதும் நினைவுக்கு வருகிறது. டிஆர்எஸ் 2008இல் இலங்கையில், இந்தியாவுக்கு எதிரான டெஸ்ட் தொடரில் முதலில் சோதிக்கப்பட்டது. நிஜத்தில் அது நடுவரின் தவறைத் திருத்த வந்த ஏற்பாடு. கேமிலோ பந்து எங்கே போகும் என்று கணினிக்கு முன்பே தெரியும். ரிவ்யூவுக்கு அர்த்தம் இருக்கவேண்டுமானால் நடுவரை அவ்வப்போது தப்பு செய்யவைக்க யாராவது உட்கார்ந்து நிரல் எழுதவேண்டும். நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் எங்கள் போட்டியில் அதிகக் கூச்சல் கிளம்பியது அங்கேதான். அம்பயர்ஸ் கால், அதாவது நடுவர் சொன்னதே நிற்கட்டும் என்ற தீர்ப்பு, வந்தபோது 23க்கு ஆல் அவுட் ஆன அதே மாமா எழுந்து நின்று, பந்து பாதிக்கு மேல் ஸ்டம்பில் பட்டால்தான் கணக்கு என்று அரங்கத்துக்கே பாடம் எடுத்தார். அவர் ஆடிய இரண்டு வருஷத்தைவிட அந்த ஒரு நிமிடம் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

பெயர்கள் பற்றி நான் எதிர்பார்த்தது வேறு. கேம் நிறுவனம் உரிமம் வாங்காத அணிகளில் ஆட்டக்காரர்களின் பெயர்கள் எழுத்து மாறி வரும். கொனாமியின் பழைய ப்ரோ எவல்யூஷன் சாக்கர் கேம்களில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பெயர் மேன் ரெட், ஆர்சனல் வெறும் நார்த் லண்டன். அதற்காக அந்த கேமைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியாது, பந்து காலில் ஒட்டாமல் உருளும் விதத்துக்காகவே ஆடினோம். அந்தத் தைரியத்தில் பெயர்களை அப்படியே விட்டிருந்தேன். கிளப் ஹவுஸில் அது எடுபடவில்லை. திரையில் யாரோ முகம் தெரியாதவன் அவுட் ஆனால் பார்ப்பவருக்கு என்ன? ஒரு ராத்திரி உட்கார்ந்து எடிட்டரில் பெயர்களை மாற்றினேன். கிரிக்கெட் வீரர்களின் பெயர் எதற்கு என்று எங்கள் குடியிருப்புக்காரர்களின் பெயர்களையே போட்டேன். செக்யூரிட்டி அண்ணன் ஓப்பனிங், செயலாளர் விக்கெட் கீப்பர், மாமா லெக் ஸ்பின்னர். செயலாளர் ஒரு கேட்சை விட்டபோது எழுந்த சிரிப்பு இரண்டு நாள் லிஃப்டில் ஓடியது. செய்து முடிக்க மூன்று மணி நேரம், பைசா செலவில்லை. நான் மாற்றியவற்றில் இவ்வளவு பலன் தந்தது வேறெதுவும் இல்லை.

மீதியிருந்தது வர்ணனை. ஈஏ நிறுவனத்தின் கிரிக்கெட் 07 கேமில் மார்க் நிக்கோலஸும் ரிச்சி பெனோவும் பேசினார்கள். திரையில் இருப்பதோடு கூடுதலாகச் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும் பேசு என்பது பெனோவின் கொள்கை. அவர் மௌனமாக இருக்கும் நேரத்துக்கே ஒரு மதிப்பு இருந்தது. கேமுக்குள் வந்துவிட்டால் யாராக இருந்தாலும் பதிவுசெய்த வாக்கியங்கள் தீர்ந்ததும் திரும்ப முதலிலிருந்து வரவேண்டியதுதான். தனியாக ஆடும்போது அது பழகிப்போய்ப் பின்னணிச் சத்தம் ஆகிவிடும். ஒரே நாளில் 13 மேட்ச் ஓடும் அறையில் அப்படி இல்லை. ஆறாவது மேட்சில் வர்ணனையாளர் வாயைத் திறக்கும் முன்பே வாண்டுகள் கோரஸாக அடுத்த வரியைச் சொல்ல ஆரம்பித்தன. ஆங்கிலம் வேறு, பாதிப் பேருக்கு ஒட்டவில்லை.

போன பொங்கலுக்கு ஆடியோ மெனுவில் போய் வர்ணனையை மட்டும் பூஜ்ஜியத்தில் வைத்தேன். கூட்டத்தின் இரைச்சல், மட்டையில் பந்து படும் சத்தம், ஸ்டம்ப் மைக் எல்லாம் அப்படியே. இதை மறந்து மொத்த ஒலியையும் குறைத்துவிடாதீர்கள், அந்த இரைச்சல்தான் மைதானம். கோலப்போட்டிக்கு வாங்கிய மைக் சும்மா கிடந்தது. பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். முதல் ஓவரில் திக்கினான். இரண்டாவது ஓவரில் செயலாளரின் கீப்பிங்கைப் பற்றி ஆரம்பித்தான், பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்றாவது மேட்சில் ஒரு பாட்டி மைக்கைக் கேட்டு வாங்கி, எல்லாப் பந்தையும் நோ பால் என்றார்.

இந்த வருஷத்துக்கு இப்போதே பெயர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று வரை கன்ட்ரோலருக்கு 14 பேர், மைக்குக்கு 19. ஓவருக்கு ஒரு ஆள் என்று பிரித்துப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசி ஓவர் யாருக்கு என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.